நெல் காய்ந்தால் கிளார்க் பணம் கட்ட வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வேலை பார்க்கும் பருவகாலப் பணியாளர்கள் போராட்டம் அறிவித்ததைப் போன வாரம் நாலு வரியில் போட்டுவிட்டு, அறுவடை நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று பக்கத்திலேயே பெரிய பெட்டி கட்டிக் கேட்டிருந்தீர்கள். மன்னார்குடிப் பக்கம் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலத்தில் குறுவையும் தாளடியும் போடுகிறவன் நான். உங்கள் கணக்குப்படி பாதிக்கப்படப் போகிறவன். அதனால்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று எனக்கும் சேர்த்துத்தான் என்பது அந்தச் செய்தியைப் படித்த யாருக்கும் தெரிந்திருக்காது.

நெல் எடை குறைந்தால் பணியாளரிடம் பணம் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். 17 சதவீதம் ஈரப்பதம் வரை இருக்கும் நெல்லை நிலையத்தில் வாங்குகிறார்கள், மூட்டைக்கு 40 கிலோ. வாங்கிய நெல் மறுநாளே லாரி ஏறிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. லாரி வரவில்லை, கிடங்கில் இடமில்லை, நீடாமங்கலத்தில் சரக்கு ரயில் வந்தால்தான் நகரும் என்று ஏதாவது ஒரு காரணத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்தபடியே பதினைந்து நாள், இருபது நாள் வெயிலில் கிடக்கிறது. வெயிலில் கிடந்தால் நெல் காயத்தானே செய்யும்? 17-ல் வாங்கியது 14-க்கு இறங்கினால் 40 கிலோ மூட்டை 38.6 கிலோதான் நிற்கும். பேனாவும் காகிதமும் எடுத்து யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மூட்டைக்கு ஏறக்குறைய 1,400 கிலோ காற்றில் போய்விடுகிறது. 2025-26 பருவத்துச் சன்னரக விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்த விலையில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வரும். அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியவர் யார் என்று பார்த்தால், பட்டியல் எழுத்தர். அதாவது நாம் பில் கிளார்க் என்று கூப்பிடுகிற, வேலை நிரந்தரமில்லாத பையன். லாரியை அனுப்பாதது அவன் இல்லை, வெயிலை அடிக்கச் சொன்னதும் அவன் இல்லை.

2025 அக்டோபர் மழையில் குறுவை நெல் நனைந்தபோது, ஈரப்பத வரம்பை 22 ஆக்கித் தரும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது, மத்தியக் குழுக்களும் டெல்டாவுக்கு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போயின. கேட்டது சரிதான், நானும் அப்போது அதற்காகச் சத்தம் போட்டவன்தான். ஆனால் 22-ல் வாங்கிய மூட்டை 14-க்குக் காய்ந்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறையும் என்பதையும், அந்த மூன்றரைக் கிலோவை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் விவசாயிகள் தரப்பில் ஒருவர்கூடப் பேசவில்லை. எனக்கே அப்போது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மூட்டைக்கு இவ்வளவு என்று களத்தில் எங்களிடம் லஞ்சம் வாங்குகிறார்களே, அதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வாங்குவது தப்பு. நானும் கொடுத்திருக்கிறேன், கொடுத்ததும் தப்புதான். சங்கத்துக்காரர்கள் மேடையில் இந்தப் பேச்சு வந்தாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாளைக்கு எடை குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற பயம் ஒருவனுக்கு இருக்கும்போது, அவன் இன்றைக்கே எங்கள் தராசில் கை வைப்பான், இல்லை காசு கேட்பான். பணப் பிடித்தத்தை நிறுத்துங்கள், அப்புறமும் கை நீட்டினால் முதல் ஆளாக நானே புகார் எழுதுகிறேன்.

பருவகாலம் என்ற வார்த்தை இருக்கிறதே, அது இன்னொரு கூத்து. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. பருவகாலத் தன்மை உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. சம்பாவும் தாளடியும் பொங்கலில் தொடங்கி மார்ச் தாண்டியும் வந்துகொண்டே இருக்கின்றன. போர்வெல் வைத்திருப்பவர்கள் போட்ட கோடை நெல் அதற்குப் பிறகு. இதில் பருவம் எப்போது முடிகிறது என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

வேலைநிறுத்தம் செய்கிறவர்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையை விட்டு நீக்கினார்களே, அப்போது பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த என் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகஸ்ட் 6-ம் தேதி அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த வருடம் வழக்கப்படி ஜூன் 12-ல் பாசனத்துக்கு மேட்டூர் அணையும் திறக்கவில்லை. வயல் காய்ந்து கிடந்த நேரம், மாசச் சம்பளக்காரனுக்கு என்னய்யா குறை என்று டீக்கடையில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வரும்படி செங்கொடி பிடித்துப் போராடிய ஜில்லா இது, இங்கேயே அப்படிக் கேட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. நாங்களும் அதுவரைக்கும் அவர்களுடைய தண்ணீருக்காக ஒரு நாள்கூடத் தெருவில் உட்கார்ந்ததில்லை.

அதனால் இந்தத் தடவை பணியாளர் சங்கமும் விவசாயச் சங்கங்களும் ஒரே மனுவாகக் கொடுக்கட்டும். வாங்கிய நெல் இத்தனை நாளுக்குள் நிலையத்தை விட்டு நகர வேண்டும், அதற்கு மேல் நின்றால் அந்த எடை குறைவு பணியாளர் தலையில் ஏறக்கூடாது, நிலையத்துக்குச் சிமெண்ட் களமும் கூரையும் வேண்டும். இந்த மூன்றும் இரண்டு தரப்புக்கும் பொது. வேலை நிரந்தரம் அவர்களுடையது, அதற்கு நாங்கள் கூட நிற்போம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நிருபர் யாரையாவது அனுப்பி, நெல் வாங்கிய தேதி என்ன, லாரி ஏறிய தேதி என்ன என்று பத்து நிலையங்களில் விசாரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். இன்றைக்குக் காலையில் பார்த்தேன், எங்கள் நிலையத்தில் மூட்டைகளை மூடியிருக்கும் தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்து நெல் முளைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர்
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்