70 நிமிடப் பிரசவமும் பதிவேட்டில் இல்லாத ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட நேரம் இழுக்கும் பிரசவ வலியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிலருக்கு ஓரிரு மணி நேரத்திலேயே குழந்தை பிறந்துவிடும் என்றும் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றும் அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்தக் கொடுத்துவைத்தவர்களில் ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் தலைப்பிரசவம் ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது குழந்தைக்கு முதல் வலி எடுத்ததிலிருந்து அழுகுரல் கேட்கும் வரை 70 நிமிடங்களே ஆயின. தொலைபேசியில் மருத்துவமனையை அழைத்தபோது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, அது ஒரு மணி நேரம் நீடித்தால் புறப்பட்டு வரும்படியும், அதுவரை சூட்டு வலியாகவும் இருக்கலாம் என்பதால் பதற வேண்டாம் என்றும் சொன்னார்கள். பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு அது சரியான அறிவுரைதான். எனக்கோ அந்த ஒரு மணி நேரம் முடியும் முன்பே பனிக்குடம் உடைந்து, மருத்துவமனைக்கு விரைந்துகொண்டிருந்த காரின் பின்னிருக்கையில், எதையும் கற்றிராத என் கணவரின் கைகளில் குழந்தை பிறந்தது.

சீரான வலி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிடுவதை மருத்துவர்கள் துரிதப் பிரசவம் என்கிறார்கள். கர்ப்பப்பை மிகுந்த வேகத்தோடு சுருங்குவதாலோ, பிறப்புப் பாதையின் தசைகள் போதிய தடை கொடுக்காததாலோ இது நேர்கிறது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கும், அவர்களிலும் முன்பு ஒருமுறை இப்படிப் பெற்றவர்களுக்கும், இதற்கான வாய்ப்பு கூடுதல். நேரம் குறைவு என்பதால் வலியும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வலி ஓய்ந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். இரு சுருக்கங்களுக்கு இடையே கர்ப்பப்பை தளரும்போதுதான் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. அந்த இடைவெளி சுருங்கினால் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். தசைகள் மெல்ல விரிய நேரம் இல்லாததால் கிழிசல்கள் ஏற்படலாம். அவ்வளவு ஆவேசமாக உழைத்த கர்ப்பப்பை, குழந்தை வெளிவந்த பிறகு சோர்ந்து துவண்டுவிட்டால் உதிரப்போக்கு எளிதில் நிற்காது. அன்று காரில் இவற்றில் எதுவும் பெரிதாக நேரவில்லை என்பது உண்மையே. ஆனாலும் எனக்குப் பல நாள் நடுக்கம் விடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்தியதால் அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

மூன்றாவது முறை கருவுற்றபோது, நாள் குறித்து வலி வரவழைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது. மருத்துவரிடம் கேட்டபோதுதான் விஷயம் அத்தனை நேரானதல்ல என்று புரிந்தது. பிரிட்டனில் மருத்துவச் சிகிச்சைகளுக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவ உதவியின்றிப் பிரசவம் நேர்ந்துவிடுமோ என்ற காரணத்துக்காக, முன்பு துரிதப் பிரசவம் கண்டவர்களுக்கு வலி தூண்டுவதை வழக்கமாக்க வேண்டாம் என்றது. உலகச் சுகாதார நிறுவனமும், சிக்கல் ஏதுமற்ற கர்ப்பத்தில் 41 வாரங்களுக்கு முன் வலி தூண்டுவதைப் பரிந்துரைப்பதில்லை. இதற்கு எதிராக, 39-ஆவது வாரத்தில் தூண்டுவது நல்லது என்பதற்கு 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றைப் பலர் காட்டுகிறார்கள். 6,106 பெண்களைக் கொண்ட அந்த ஆய்வில், தூண்டப்பட்டவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கும் காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் அனைவரும் முதன்முறையாகப் பிள்ளை பெறுபவர்கள். 70 நிமிடத்தில் பெற்றவளுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

எங்களைப் போன்றவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. தானாகவே தறிகெட்டு ஓடும் குதிரையைச் சவுக்கால் அடிப்பது போன்றது, எல்லாருக்கும் கொடுக்கும் மருந்தை யோசிக்காமல் எங்களுக்கும் கொடுப்பது. விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் சுருக்கங்கள் வரத் தொடங்கினால் அது குழந்தைக்கு ஆபத்தாகலாம். சுருக்கங்களைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றும்போது தேவைப்பட்டால் உடனே நிறுத்தலாம் என்ற வசதியாவது இருக்கிறது. மருந்தே இல்லாமல் பனிக்குடத்தை மட்டும் உடைத்துவிடுவது மற்றொரு வழி. ஆனால் குழந்தையின் தலை இறங்கிப் பொருந்தாத நிலையில் அதைச் செய்தால் தொப்புள்கொடி முன்னே நழுவி வந்துவிடும் அபாயம் உண்டு. எனவே நாள்காட்டியைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்தும் மென்மையாகவும் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவற்றுக்கு மதிப்பெண் போடும் முறையை பிஷப் என்ற மருத்துவர் 1964-இலேயே வகுத்துக் கொடுத்தார். இன்றும் அதுதான் துணை.

39 வாரம் முடிந்தபோது எனக்குக் கர்ப்பப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்து, மென்மையாகி, தலையும் நன்கு இறங்கியிருந்தது. என் கடந்த காலத்தையும் மருத்துவமனைக்கு உள்ள தொலைவையும் கணக்கில் கொண்டு, காலையில் பனிக்குடத்தை மட்டும் உடைப்பது என்று மருத்துவரும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம். மருந்து எதுவும் தேவைப்படவில்லை. 95 நிமிடத்தில் குழந்தை பிறந்தது. உதிரப்போக்கு இம்முறை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. ஊசியும் பழகிய கைகளும் அருகிலேயே இருந்ததால் சில நிமிடங்களில் அடங்கியது. இதை வைத்து எல்லாரும் தூண்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் நாத்தனாருக்கும் முதல் குழந்தை இரண்டு மணி நேரத்தில் பிறந்தது. இரண்டாவதுக்கு 39 வாரத்தில் பார்த்தபோது கர்ப்பப்பை வாய் இறுகி மூடியிருந்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசி இரு வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலிருந்த உறவினர் வீட்டில் தங்கினார். உள்ளே நுழைந்த இருபதாவது நிமிடத்தில் பெற்றார். அவர் எடுத்ததும் நல்ல முடிவுதான்.

எந்த முடிவை எடுத்தாலும், குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடலாம் என்பதால், வீட்டில் இருப்பவர்களைப் பழக்கி வைப்பது கட்டாயம். மூன்றாவது முறை என் கணவர் 36-ஆவது வாரத்திலேயே செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு திடீரென முட்டினால் கழிவறைக்குள் அனுப்பக் கூடாது. அது பெரும்பாலும் குழந்தையின் தலை அழுத்துவதால் வருவது. புறப்பட நேரமில்லை என்று தெரிந்தால், ஆம்புலன்ஸை அழைத்துத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தாயைத் தரையில் இடப்பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும். முக்காமல், வாயால் சிறு சிறு மூச்சாக விடச் சொல்ல வேண்டும். வேகம் சற்றே மட்டுப்படும், கிழிசலும் குறையும். குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கவே கூடாது, வழுக்கும் உடலைத் தாங்கிக்கொண்டால் போதும். பிறந்தவுடன் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் வெற்று மார்பில் கிடத்தி, தலையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். பிறந்த குழந்தையின் உடல் சூடு நிமிடங்களில் இறங்கிவிடும். தொப்புள்கொடியை வீட்டில் வெட்டத் தேவையில்லை. அதைப் பிடித்து இழுத்து நஞ்சுக்கொடியை வெளியே எடுக்க முயல்வதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. இவ்வளவையும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். இரண்டாவது பிரசவத்துக்கு முன் யாராவது இதை எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால், அன்று காரில் என் கணவர் கைகள் நடுங்க, கொடியை எதைக் கொண்டு வெட்டுவது என்று தேடியிருக்க மாட்டார்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதையெல்லாம் ஏன் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதற்கான விடை என் கர்ப்பகாலப் பதிவேட்டிலேயே இருந்தது. மூன்றாவது கர்ப்பத்தின்போது அதைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்தைப் பற்றி, சுகப்பிரசவம், பெண் குழந்தை, எடை 3.1 கிலோ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எத்தனை மணி நேரத்தில் பிறந்தது, எங்கே பிறந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. சிசேரியன் ஆனதா என்று கேட்கும் படிவம் இதையும் கேட்டால், தொலைபேசியை எடுப்பவர் ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லமாட்டார்; 34-ஆவது வாரத்திலேயே மருத்துவரும் குடும்பமும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியிருப்பார்கள். மகப்பேறு மருத்துவர்களும் மருத்துவமனை நிர்வாகங்களும் தங்கள் படிவங்களில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். படிவம் மாறும் வரை, கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே அதைத் தாங்களே சொல்லி, கையால் எழுதி வாங்கிக்கொள்ளலாம். என் மூன்றாவது பதிவேட்டின் ஓரத்தில் செவிலியர் சிவப்பு மையில், முந்தைய பிரசவம் 70 நிமிடம், வரும் வழியில், என்று எழுதிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
மூன்று குழந்தைகளின் தாயான ஒரு வாசகி