ஒன்பது படங்களில் ஓர் ஈ

அன்புள்ள நண்பா,

கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணுக்கு உலகம் துடைத்து வைத்தது போலத் தெரிகிறது. அந்தக் கண்ணுக்கு முதலில் கிடைத்த வேலை, நீ வளர்த்த பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து வந்த ஈக்களை எடுத்து அனுப்பிய ஒன்பது படங்கள்தான்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். ஒன்பதில் ஆறு, மேலிருந்து எடுத்தவை. அப்படிப் பார்த்தால் பாதி ஈக்கள் சாம்பல் உடம்பும் கறுப்புக் கோடுமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். நீ 'சரியாக விழவில்லை' என்று எழுதியிருந்த ஏழாவது படம்தான் என்னைக் காப்பாற்றியது. முதுகின் பின்முனையில் முக்கோணமாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு அடியில் குட்டித் தலையணை போல ஒரு புடைப்பு இருக்கிறது, பார். மற்றப் பூச்சிகளின் உடலுக்குள் புழுவாக வளரும் டாக்கினிட் ஈக் குடும்பத்தின் அடையாளம் அது. இறைச்சி ஈக்கு அந்தப் புடைப்பு இருக்காது. வீட்டு ஈயும் இல்லை. இறக்கையின் நீள நரம்பு நுனிக்கருகே வளைவது டாக்கினிட்டுக்கும் வீட்டு ஈக்கும் உண்டு. ஆனால் இறக்கைக்குக் கீழே மார்பின் பக்கத்தில் தெரியும் முள்மயிர் வரிசை வீட்டு ஈக்குக் கிடையாது. நான் ஒருமுறை முதுகுக் கோடுகளை மட்டும் நம்பி, ஓர் இறைச்சி ஈக்கு டாக்கினிட் என்று சீட்டு எழுதி ஒரு வருடம் பெட்டியில் வைத்திருந்தவன். அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

முதல் படத்தில் தலை வீங்கி, உடம்பு வெளுத்திருப்பதைப் பார்த்து நோய் என்று பயந்திருக்கிறாய். நோயெல்லாம் இல்லை. ஈ தன் கூட்டின் மூடியைத் தள்ளித் திறக்க, நெற்றியில் ஒரு பையை ஊதிக்கொண்டு வரும். அப்புறம் அது உள்ளே போய்விடும். அந்த நேரத்து நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சரி, உன்னைக் குடையும் கேள்விக்கு வருகிறேன். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியை முட்டையிலிருந்தே மூடிய பெட்டியில் வளர்த்தாய், புழுவின் தோலில் வெள்ளை முட்டை எதுவும் ஒட்டியிருக்கவில்லை, பிறகு ஈ எப்படி உள்ளே போனது என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் நீயே ஊட்டியிருப்பாய். இந்தக் குடும்பத்தில் ஒரு கூட்டம் புழுவைத் தேடிப் போய் முட்டையிடுவதில்லை. புழு தின்னும் இலையில் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். இலையோடு விழுங்கப்பட்ட முட்டை குடலுக்குள் பொரியும். நீ தினமும் பறித்து வந்த எருக்கிலையில் அவை இருந்திருக்கும். கூட்டுப்புழுவிலிருந்து பிசின் நூல் ஒன்று தொங்கியதாக எழுதினாயே, வளர்ந்த ஈப்புழு கீழே இறங்கி வந்த தடம் அது.

இனம் கண்டுபிடிக்க ஒன்பது படத்தையும்விட இந்த வளர்ப்புக் கதைதான் எனக்கு அதிகம் உதவுகிறது. இலையில் முட்டையிடும் கூட்டம், அது உள்ளே வளர இடம் கொடுத்த விருந்தோம்பி வெந்தய வரியன் என்றதும் ஸ்டுர்மியா என்ற பேரினம் மனதில் வருகிறது. சீட்டில் பென்சிலால் எழுதிவை, மையால் வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பெயரிட்டவை மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல். பல இனங்களை ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்நோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

அதனால் ஈக்களைப் பறக்க விட்டுவிடாதே. நிறம் தெளிய ஒரு நாள் விட்டு, உறைபெட்டியில் வைத்துவிடு. பழுப்புப் பீப்பாய் போன்ற வெறுங்கூடுகளும் வேண்டும். அவற்றின் பின்முனையில் உள்ள சுவாசத்துளைகளின் அமைப்பும் அடையாளத்துக்கு உதவும். எந்தக் கூட்டிலிருந்து எந்த ஈ என்று தேதியோடு குறித்துவை.

பட்டாம்பூச்சியைத் தின்ற ஈயைச் சும்மா விடக்கூடாது என்று பேத்தி அழுததாக எழுதியிருந்தாய். உறைபெட்டி விஷயத்தை அவளிடம் சொல், கொஞ்சம் சமாதானம் ஆவாள். அடுத்த புழுவுக்கு இலையை நன்றாகக் கழுவித் துடைத்துப் போடுவதையும் அவள் பொறுப்பிலேயே விட்டுவிடு.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. அதற்குள் பக்கவாட்டுப் படம் இன்னும் இரண்டு அனுப்பு.

உன் பழைய அறைத்தோழன்