‘நட்புத் தொடர்தானே!’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் மகளிர் கால்பந்துக்கு ஆறு வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆறாவது வரியில், ‘நட்புத் தொடர் என்பதால் வெற்றி தோல்விக்குப் பெரிய மதிப்பில்லை’ என்று உங்கள் நிருபர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

ஃபிஃபாவின் மகளிர் தரவரிசையில் நட்பு ஆட்டமும் கணக்கில் ஏறும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புள்ளிக் கணக்கில் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு எடை 4, அதன் தகுதிச் சுற்றுக்கு 3, நட்பு ஆட்டத்துக்கு 1. மோதும் இரு அணிகளும் முதல் பத்து இடங்களில் இருந்தால் அந்த 1 இரட்டிப்பாகும். கோல் வித்தியாசமும் சேரும் என்பதால், 0-1 என்று தோற்றவர்களும் 0-5 என்று தோற்றவர்களும் ஒரே அளவு இறங்குவதில்லை. அடுத்த தகுதிச் சுற்றுக்குக் குலுக்கல் போடும்போது இந்தத் தரவரிசையை வைத்துத்தான் அணிகளை அடுக்குகிறார்கள்.

எல்லோரும் எல்லோரோடும் மோதும் நான்கு அணித் தொடரில் ஆளுக்கு மூன்றே ஆட்டம். புள்ளி சமமானால் பெரும்பாலும் கோல் வித்தியாசம்தான் கோப்பையைத் தீர்மானிக்கும். 3-0 என முன்னிலையில் இருக்கும் அணி 85-ஆவது நிமிடத்தில் ஒரு ஸ்டிரைக்கரை இறக்குவது அதற்காக. அதை ‘புதுமுகத்துக்கு வாய்ப்பு’ என்று எழுதினால் எப்படி?

2024 பிப்ரவரியில் துருக்கியின் அலான்யாவில் நடந்த அப்படியொரு நான்கு அணித் தொடரில் நம் இந்திய அணி எஸ்டோனியாவை 4-3, ஹாங்காங்கை 2-0 என்று வென்று, கொசோவோவிடம் 0-1 என்று தோற்று இரண்டாமிடம் பிடித்தது. எஸ்டோனியாவுக்கு எதிராக நம் கடலூர் இந்துமதி கதிரேசனும் ஒரு கோல் போட்டார். அன்று உங்கள் பக்கத்தில் வந்த வரிகளை எண்ண எனக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஷீபிலீவ்ஸ் கோப்பை மகளிர் தொடரின் இறுதியாட்டத்தை ‘அமெரிக்கா 5-4 கோல் கணக்கில் வெற்றி’ என்று போட்டீர்கள். ஆட்டம் 2-2, கூடுதல் நேரம் இல்லாமல் நேரே பெனால்டி ஷூட்-அவுட். அதில் விழுந்த கோல்களை ஆட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஐயா.

போர்ச்சுகலில் நடந்த மகளிர் தொடரான 2018 அல்கார்வே கோப்பையின் இறுதியாட்டம் கனமழையால் நடக்கவே இல்லை. நெதர்லாந்தும் ஸ்வீடனும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ‘நட்பு’ என்று அதற்கும் தலைப்பு வைத்துச் சிரித்தீர்கள். சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிட்டால் வீராங்கனைகள் கிளப்புக்குத் திரும்பியாக வேண்டும். மறுநாள் ஆடச் சொல்ல இதென்ன தெருமுனை ஆட்டமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை நான்கு வரியில் ஒரு புள்ளிப் பட்டியல் போடுங்கள்: ஆடியது, வென்றது, டிரா, தோற்றது, கோல் வித்தியாசம், புள்ளி. இரண்டு அங்குலம் போதும். கிரிக்கெட் ஏலத்துக்குக் கொடுக்கும் முழுப் பக்கத்தில் கைவைக்க வேண்டாம். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் வாசகர்