துறைமுகப் படம் பார்த்தேன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அவள் காட்டவில்லை, நானே எடுத்துப் பார்த்தேன். குட்டி கட்டைச்சுவர் மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறாள். அவள் தலைக்குப் பின்னால், தண்ணீருக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி தெரிவது, அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய சம்டர் கோட்டையாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வருடம் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியவன் நான். என் பேத்தி அதைப் பார்த்துக்கொண்டு வளர்கிறாள் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. கடைவீதியில் நாலு பேரிடம் காட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் சார்ல்ஸ்டனில் கடல் ஏறினால் தெருவிலேயே தண்ணீர் நிற்குமாமே. அந்த மாதிரி நாளில் காரை எடுக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்.

பொங்கலுக்கு நீ கூப்பிடவில்லை. சரி, வேலை இருந்திருக்கும். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றும் கூப்பிடவில்லை. அம்மா அன்று முழுக்கப் போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. உன் ஊரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் மாநிலத்துக்கும் அமெரிக்க அரசுக்கும் வந்த சண்டை துணியில் தொடங்கியது, தெரியுமா? இங்கிலாந்தோடு 1812-இல் மூண்ட போர் முடிந்ததும் இங்கிலாந்துச் சரக்கு அமெரிக்காவில் வந்து குவிந்தது. வடக்கே அப்போதுதான் முளைத்த ஆலைகள் தாங்காது என்று 1816-இல் இறக்குமதி வரி போட்டார்கள். பருத்தித் துணிக்கு நூற்றுக்கு 25. அதில் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். சதுர கெஜம் என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும் குறைந்தது 25 சென்ட் என்று வைத்துத்தான் வரிக் கணக்கு. ஆறு சென்ட் துணிக்கும் ஆறேகால் சென்ட் வரி! மலிவாகப் போய்க்கொண்டிருந்த நம் நாட்டுத் துணியைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. உன் தாத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டுத் தறிக்குழியை விட்டு எழுந்து வந்திருப்பார்.

அந்த வரியை ஆதரித்துப் பேசியவர் யார் என்கிறாய்? உங்கள் தென் கரோலினா மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் கால்ஹூன்தான். கப்பல் வியாபாரத்தை நம்பியிருந்த நியூ இங்கிலாந்துக்காக எதிர்த்தவர் டேனியல் வெப்ஸ்டர். பன்னிரண்டே வருடத்தில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். 1828-இல் இரும்பு, சணல், கம்பளி, வெல்லப்பாகு வரைக்கும் வரியை ஏற்றினார்கள். சகிக்க முடியாத அளவுக்குப் பாரம் ஏற்றினால் வடக்கத்தியரே தோற்கடித்துவிடுவார்கள் என்று தெற்கத்தியர் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பி, மசோதா 105-க்கு 94 என்று தேறிவிட்டது. 'அருவருப்பான வரி' என்று தெற்கே அதற்குப் பெயர். பருத்தியை இங்கிலாந்தில் விற்று அங்கிருந்தே சாமான் வாங்கியவர்கள் அவர்கள். விளைந்த நூறு பொதியில் நாற்பது பொதியை வரி தின்கிறது என்றார் தென் கரோலினாவின் இன்னொரு உறுப்பினர் மெக்டஃபி. அது மிகையான கணக்குதான். ஆனால் கொடுக்கிறவனுக்குத் தன் கையை விட்டுப் போவதுதான் கண்ணில் படும்.

கால்ஹூன் அப்போது துணை அதிபர். அந்த வரி செல்லாது என்று வாதாடித் தன் பெயரைப் போடாமல் ஒரு நீண்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். மனதில் இருப்பதை நேராகச் சொல்லாமல் இருப்பது பெரியவர்களுக்கும் வருகிற வியாதிதான். நீ சின்ன வயதில் அப்படி இல்லை. கணக்கில் இரண்டு மார்க் குறைத்துவிட்டார்கள் என்று தலைமையாசிரியர் அறைக்கே போய் நின்றவள். இப்போது அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

சரி, விடு. 1832 நவம்பர் 24 அன்று தென் கரோலினாக்காரர்கள் தங்கள் தலைநகர் கொலம்பியாவில் கூடி, 136-க்கு 26 என்ற கணக்கில், இந்த வரிகள் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆயுதம் எடுத்துப் பிரிவது ராஜத்துரோகம் என்றார் அதிபர் ஜாக்சன். நீ படம் எடுத்த அதே துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் வந்தது. கடைசியில் செனட்டர் ஹென்றி கிளே நடுவில் புகுந்து, 1842-க்குள் வரியைப் படிப்படியாக 20 சதவீதத்துக்கு இறக்குவது என்று ராசி பேசினார். அவரவர் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மாமாவும் அப்படித்தான் ஒரு ராசி கொண்டுவந்திருக்கிறார். மேற்கால காட்டில் பாதியை உன் பெயருக்கு எழுதிவிட்டால் பேசிவிடுவாள் என்கிறார். தம்பியும் தலையாட்டுகிறான். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஏனென்றால், கால்ஹூன் 1830 செப்டம்பரில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வரி ஒரு சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் அதுவல்ல, தெற்கின் அடிமை முறைதான் உள்ளே இருப்பது என்று அவரே எழுதியிருக்கிறார். வரி ஒரு சாக்கு, அடுத்த சாக்கு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று ஜாக்சனும் 1833-இல் எழுதினார். 1861-இல் அந்தச் சம்டர் கோட்டை மேல் குண்டு விழுந்தது, உள்நாட்டுப் போர் மூண்டது. இதை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. 'பாதுகாப்பு வரி' என்று ஐந்து மார்க்குக்கு எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நூறு பொதியா நாற்பது பொதியா என்று எண்ணியவர்கள் எல்லாரும், அதைப் பறித்த கைகளை எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. ஆசிரியனாக அது என் குற்றம்.

இன்னொரு குற்றமும் இருக்கிறது. இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

தம்பி சின்னவன், அவன் காலூன்றும் வரைக்கும் நீ கொஞ்சம் தாங்கு என்றேன். ஆலைகள் வளரும் வரைக்கும் என்று அங்கே சொன்ன அதே பேச்சு. அவன் காலேஜுக்கு, அப்புறம் தறிக்கு, அப்புறம் தறிக்கூடத்துக் கூரைக்கு. நீ மேலே படிக்க ஆசைப்பட்டதை ஒரே ஒரு முறை சொன்னாய். நான் காதில் வாங்காத மாதிரி தினசரியைப் புரட்டினேன். அவன் காலூன்றிய பிறகும் நான் நிறுத்தவில்லை.

ஆனால் நீ பேசாமல் இருப்பது பணத்துக்காக இல்லை, வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதியதற்காகவும் இல்லை. எனக்குத் தெரியும். பத்திரம் பதிந்த அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். மாமா வந்தார் என்று போனைத் திண்ணையில் வைத்தேன். அணைத்துவிட்டதாக நினைத்தேன். "கட்டிக் கொடுத்தாச்சு, இந்த ஊட்டுல அவளுக்கு இனி என்ன இருக்குது" என்று நான்தான் சொன்னேன். மாமா சொல்லவில்லை, தம்பி சொல்லவில்லை. அவர் போன பிறகு போனை எடுத்தால், பதினாலு நிமிடம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. காதில் வைத்தேன். குட்டி பாட்டுப் பாடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. நீ பேசவில்லை. நானும் பேசாமல் அணைத்தேன்.

அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். எட்டு மாதமாக உன் ஊர்ச் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய தொகையை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. முதல் வரி, 2011 ஜூன், ஒன்பதாயிரம், தம்பி காலேஜ் பீஸ். நேற்று அதை எடுத்துத் தம்பி கையில் கொடுத்து, உரக்கப் படி என்றேன். நாலாவது பக்கத்துக்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. மீதியை அம்மா படித்தாள்.

தெருப்பக்கத்து அறைச் சாவி ஒன்றை உன் பெயர் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

மழை பிடித்தால் காரை எடுக்காதே, கண்ணு. தண்ணீர் வடிகிற வரைக்கும் வீட்டிலேயே இரு.

அப்பா