படித்து முடித்த பிள்ளைகளையும் ஒருமுறை கேளுங்கள்

கேரள மாநிலப் பொதுக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு மூணாற்றிலிருந்து வணக்கம்.

2024-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதம் 99.69 என்று அறிவிக்கப்பட்டபோது எங்கள் தேயிலை எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும்) மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால், தேர்ச்சி பெற்ற பிள்ளை பத்து ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறது என்று எங்கள் லயத்தில் இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக மக்களிடம் ஓர் ஏணியைச் சொல்லிக் கேட்கிறார்கள்: மிக மோசமான வாழ்க்கை அடிப்படி 0, மிகச் சிறந்த வாழ்க்கை உச்சிப்படி 10, நீங்கள் நிற்பது எந்தப் படி? பி.காம். படித்துவிட்டுச் சுற்றுலா ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இதையே கேட்டேன். "இப்போ ஆறு, அண்ணாச்சி. அம்மா ரிட்டயர் ஆன பிறகு கேளுங்க" என்றார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை பார்க்கும் வரைதான் லயத்து வீடு எங்களுக்கு; அம்மா ஓய்வு பெற்றால், தம்பி தன் பட்டத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், அல்லது பிறந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாலாம் வகுப்போடு நின்ற அந்த அம்மாவோ, தேயிலைக் கறை ஏறிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "எட்டு" என்றார். "எம்புள்ள அட்டைக்கடியில நின்னு கொழுந்து எடுக்கலையே, அது போதாதா?" மகன் படித்த படிப்பின் நிறைவு தாய்க்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கல்வி தரும் மனநிறைவில் பெரும்பங்கு வேலை, வருமானம், உடல்நலம் ஆகியவற்றின் வழியாகவே வருகிறது என்றும், படிப்புக்குப் பொருந்தாத வேலையில் இருப்போரிடம் அது குறைகிறது என்றும் ஆய்வாளர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். எங்களுக்கு இதில் வியப்பில்லை. என் மகள் பிளஸ் டூ முடித்த ஆண்டில் நடந்த மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டம் முழுக்க மலையாளத்தில் நடந்தது. கடைசி பெஞ்சில் இருந்த பெற்றோர் எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. எந்தப் படிப்பு எந்த வேலையில் கொண்டுபோய் விடும் என்பது அந்த விளங்காத பாதியில் இருந்தது.

ஆகவே, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் பத்தாண்டுகளுக்கு முன் படித்து வெளியேறியவர்களைத் தேடி இந்த ஏணிக் கேள்வியைக் கேட்கவும், அவர்கள் சொல்வதை வைத்து வழிகாட்டல் கூட்டங்களைத் தமிழில் திருத்தி அமைக்கவும் வேண்டுகிறேன். வருவதானால் ஜூலையில் வாருங்கள். மழையில் சுற்றுலாக் கூட்டம் குறைந்திருக்கும். ஜீப் ஓட்டும் பிள்ளைகள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
லயத்தில் வாழும் ஒரு தகப்பன்