பருத்தி ஆய்வுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பருத்தி இழையில் செல்சுவர் எப்படி உருவாகிறது என்ற என் முனைவர் பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வு போன வாரம் நல்லபடியாக முடிந்தது. நெறியாளர், துறைத்தலைவர், நிதி தந்த நிறுவனம் என்று வழக்கமான நன்றிகள் ஆய்வேட்டில் அச்சாகிவிட்டன. அங்கே இடம் கிடைக்காதவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்தில் பூவுக்கு நூல் கட்டிய அக்காமார்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து நீளும் ஒரே ஒரு செல். பூ மலரும் நாளில் புடைக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் நீளும். நீட்சி அடங்கும் சமயத்தில் உட்புறம் செல்லுலோஸ், அதாவது செல்சுவரின் முக்கியமான நார்ப்பொருள், அடுக்கடுக்காகப் படியும். முற்றிய இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான். நீள்வது நின்று தடிப்பது தொடங்கும் அந்தச் சில நாட்கள்தான் என் ஆய்வே. பறித்த காய்க்கு எத்தனை நாள் வயது என்று தெரியாவிட்டால், எவ்வளவு விலையுள்ள கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மலர்ந்த அன்று பூ வெளிர்மஞ்சள், மறுநாளே இளஞ்சிவப்பு. காலையிலேயே வெளிர்மஞ்சள் பூவாகப் பார்த்து அடையாளம் வைத்துவிட வேண்டும். நான் தேதி எழுதிய காகிதச் சீட்டுகளோடு போய் நின்றேன். "மழை பேஞ்சா எழுத்து நிக்காது கண்ணு, நெறத்த மாத்தி நூலு கட்டிக்கலாம்" என்றார் ஓர் அக்கா. நாளுக்கொரு நிறம், அடுத்த வாரம் அதே நிறத்தில் இரட்டை நூல். காம்பு பருக்க இடம்விட்டுத் தளர்வாக ஒரு முடிச்சு. ஆய்வேட்டில் இதற்கு ஒரே வரிதான். கட்டியவர் யார் என்று அதில் இல்லை.

தாவரத்தில் செல்லுலோஸைக் கட்டும் நொதிக்கான மரபணுக்கள் முதன்முதலில் பிடிபட்டதும் பருத்தி இழையில்தான். தாவர அறிவியலாளர் டெபோரா டெல்மரும் அவரது குழுவினரும் 1996இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கும் யாரோ நாள் கணக்கு வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

விளைய வேண்டிய காய்களைப் பிஞ்சில் பறிக்க விட்ட தோட்டக்கார ஐயா, பணம் நீட்டியபோது வாங்க மறுத்து மோர் கொடுத்து அனுப்பினார்.

ஆய்வக உதவியாளர் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவைப் பருத்தியிலிருந்து பிரிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பீனால் பொருட்களும் பிசுபிசுப்பும் சேர்ந்து கரைசலைப் பழுப்பாக்கிவிடும். திரவ நைட்ரஜன் ஊற்றிய கலுவத்தில், மாதிரி இளகுவதற்குள் மாவாக அரைக்கும் பக்குவம் அவர் கைக்குத்தான் வரும்.

பக்கத்து ஆய்வகத்துத் தோழிகள் மாலைக்கு மேல் அமிலப் புகையை வெளியேற்றும் பெட்டியையும், நிறத்தின் அடர்வை அளக்கும் நிறமானியையும் விட்டுக்கொடுத்தார்கள். இழையை அசிட்டிக்-நைட்ரிக் அமிலக் கலவையோடு கொதிநீரில் வைத்தால் மற்றதெல்லாம் கரைந்து செல்லுலோஸ் மிஞ்சும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஆந்த்ரோன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடேற்றினால் நீலப்பச்சை நிறம் வரும். பூ மலர்ந்து 16ஆம் நாள் பறித்த காயின் குழாயில் வெளிறியும் 24ஆம் நாள் குழாயில் அடர்ந்தும் நின்ற நிறத்தைப் பார்க்கக் கருவியே தேவைப்படவில்லை. நூல் கணக்கு பிசகியிருந்தால் அந்த வித்தியாசம் குழம்பிப் போயிருக்கும்.

இரவில் மின்சாரம் போய் உறைபெட்டி அலாரம் கத்தினால் உடனே போன் போட்ட காவலர் அண்ணாவுக்கும் நன்றி.

அக்காமாரே, அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு தம்பி வருவான். ஊருக்கும் புதுசு, பருத்திக்கும் புதுசு. அவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்.

நன்றியுடன்,
தாவர உயிர்வேதியியல் ஆய்வு மாணவி,
கோயம்புத்தூர்