மாஸ்க் போடாதவரெல்லாம் எதிர்ப்பாளரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா காலம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் தொடரைத் தவறாமல் படிக்கிறேன். போன வாரம் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கியவர், சட்டைப் பையில் வைத்திருந்தவர், போடவே மாட்டேன் என்று நின்றவர் எல்லோரையும் 'ஆன்டி மாஸ்கர்' (மாஸ்க் எதிர்ப்பாளர்) என்று ஒரே கணக்கில் சேர்த்திருந்தார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

2020-இல் முளைத்த பெயர் என்றும் எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1919-லேயே 'ஆன்டி மாஸ்க் லீக்' என்று ஒரு சங்கம் இருந்தது. ஸ்பானிஷ் ஃப்ளூ பரவியபோது, 1918 அக்டோபரில், அந்த நகரம் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது. போடாதவரை அப்போது 'ஸ்லாக்கர்' என்றார்கள். போர்க்கடமையிலிருந்து நழுவுகிறவனைத் திட்டும் வார்த்தை அது. முதல் உலகப் போர் முடியாத நேரம், அதனால் சுருக்கென்று தைத்திருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின் விளம்பரமே 'ஆபத்தான ஸ்லாக்கர்' என்றது. குத்துச்சண்டை பார்க்கப் போய் மாஸ்க் இல்லாமல் மாட்டிக்கொண்ட மேயர் ரோல்ஃபுக்கு 50 டாலர் அபராதம். ஊரையே மாஸ்க் போடச் சொன்னவர் அவர்தான்!

நவம்பரில் தளர்த்திய உத்தரவு ஜனவரியில் திரும்ப வந்தது. அப்போதுதான் லீக் கிளம்பியது. திருமதி ஹாரிங்டன் தலைமையில் ஜனவரி 25 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மெல்லிய துணி மாஸ்க் நோயைத் தடுக்குமா, அரசு கட்டாயப்படுத்தலாமா என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி உத்தரவு விலக்கப்பட்டது. அவர்கள் கேட்டது சரி என்று நான் சொல்லவில்லை; மாஸ்க் அவசியம் என்றுதான் வார்டில் ஓயாமல் சொன்னேன். ஆனால் ஸ்லாக்கர் என்பது பிறர் சூட்டிய வசவு, ஆன்டி மாஸ்க் என்பது கொள்கையோடு எதிர்த்தவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்.

எங்கள் புறநோயாளிகள் வரிசைக்கு ஒரு பூக்கார அம்மா வருவார். வீசிங் தொந்தரவு. காதில் மாட்டும் எலாஸ்டிக் அறுந்துபோய், பூக்கட்டும் நாரால் மாஸ்க்கைக் கட்டியிருப்பார். வேர்வையில் நனைந்த துணி உதட்டில் ஒட்டும். இரண்டு மூச்சுக்குக் கீழே இறக்கிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்து மறுபடி ஏற்றிக்கொள்வார். அவரா எதிர்ப்பாளர்? கொரோனாவே பொய் என்று வாதாடிய இளைஞரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இந்த அம்மாவுக்கோ ஒரு புது மாஸ்க்கும் காற்றோட்டமான இடமும் போதும்.

அடுத்த பகுதிகளிலாவது எதிர்த்தவர் வேறு, போட முடியாதவர் வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், கும்பகோணம்